இருபது அடிக்கு இரண்டு வருஷம்

பள்ளிகொண்டாவில் நான் ஏறும்வரை ஜன்னல் சீட்டில் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துத் தந்த என் இலியாஸுக்கு,

நேற்று காலை உன் மகள் ரூபினா நம் தோல் கம்பெனிக்கு வந்தாள். வேலை கேட்டு. ஃபினிஷிங் செக்ஷனில், நீ இருபத்தாறு வருஷம் நின்ற அதே இடத்தில், ஷேட் பார்க்கிற வேலை, தோலுக்கு நிறம் கலந்து ஒத்துப்பார்க்கிற வேலை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டாள், உனக்குத் தெரியாது, முதல் வகுப்பு. அவளைச் சோதித்துப் பார்த்து எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல, மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். லேப் இன்சார்ஜ் முனிரத்தினம். உன் முனி.

அவள் உள்ளே வருவதற்கு முன்னால் மேனேஜர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். "இலியாஸ் பாய் பொண்ணுதான? கண்ணுப் பிரச்னை ரத்தத்துலயே வரும் முனிரத்தினம். பேருக்கு ஒரு டெஸ்ட் வச்சு அனுப்பிடலாம்." நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். நான் தலையாட்டினேன்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறேன், அதையும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. உன்மேல் பழி விழுந்தது ஷிப்ட் மாறுகிற நேரத்தில், ஐம்பது பேர் பார்க்க. என் தப்பு மட்டும் மூடிய அலமாரி மாதிரி பத்திரமாக இருந்தது. இது என்ன நியாயம்?

அந்தப் பழைய பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. பழைய பேப்பர் கடையில் எடை போடப் போனதை நீ பிடுங்கி வந்தது. முன்னட்டை இல்லை, கடைசி இருபது பக்கம் இல்லை, ஆனால் சார்பியல் பாடம் முழுசாக இருந்தது. வேலூரில் ஏறும்போதே பிரித்து வைத்துக்கொள்வாய். நான் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் முதல் கேள்வி வரும். எனக்குக் கெமிஸ்ட்ரி டிகிரி இருந்தது, பத்தாவது படித்த உனக்குச் சந்தேகம் இருந்தது. பல நாள் சந்தேகம்தான் ஜெயித்தது.

ஒரு நாள் பந்தையும் ஹெட்லைட்டையும் பற்றிக் கேட்டாய். ஓடுகிற பஸ்ஸுக்குள் முன்பக்கமாகப் பந்தை எறிந்தால், ரோட்டில் நிற்கிறவனுக்குப் பந்தின் வேகத்தோடு பஸ்ஸின் வேகமும் சேர்ந்து தெரியும். அதே பஸ்ஸின் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மட்டும் ஏன் பஸ் வேகம் சேரவில்லை? ஓடுகிறவன் அளந்தாலும் நிற்கிறவன் அளந்தாலும் செகண்டுக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்தானா? புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, விடு என்றேன். நீ விடவில்லை. மாதனூர் வந்ததும் சட்டென்று என் தொடையில் தட்டினாய்.

"அப்போ வெளிச்சத்தோட வேகம் மாறாதுன்னா, மத்ததெல்லாம் மாறியாவணும் முனி. தூரம் மாறணும். நேரம் மாறணும். எதுனா ஒண்ணு விட்டுக்குடுக்கணுமில்ல?"

பாடத்தில் அதற்கு அடுத்த பக்கத்தில் அதேதான் இருந்தது. நீ இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பாயா?

கடிகாரம் பற்றிய சண்டை ஒரு வாரம் ஓடியது. ஒரே மாதிரி இரண்டு கடிகாரம், ஒன்று இங்கேயே இருக்கிறது, இன்னொன்று மகா வேகத்தில் தூரம் போய்த் திரும்பி வருகிறது. வந்தது பின்தங்கிக் காட்டுகிறது. எது சரி? வீட்டில் இருந்ததுதான் சரி, ஊர் சுற்றியது தப்பு என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டுமே கெடவில்லை, ரெண்டுமே பொய் சொல்லவில்லை, வந்த வழி வேறே, அவ்வளவுதான் என்றாய். இன்னொன்றும் சொன்னாய். பிரிந்து இருக்கும்வரை எது எவ்வளவு மாறியது என்று யார் வேண்டுமானாலும் வாய்ச்சவடால் அடிக்கலாம், இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும் என்றாய். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு ஆறு மாதம் கழித்து அந்த மேஜையை உனக்குக் கொடுக்காமல் போகப்போகிறவன் நான்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிரபஞ்சச் சண்டைதான் பெரிய சண்டை. அது என்றைக்கும் இருந்தது, என்றைக்கும் இருக்கும், தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை என்பது என் கட்சி. ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷத்துக்கு முன்னால் எல்லாம் நெருங்கிச் சூடாகக் கிடந்து பிறகு விரிய ஆரம்பித்தது என்று படித்தபோது நீ துள்ளினாய். பார், ஆரம்பம் இருக்கிறது, ஆரம்பித்தவன் இருக்கிறான் என்றாய். விரிய ஆரம்பித்ததுதான் அது, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று எவனுக்கும் தெரியாது என்று நான் மடக்கினேன். தெரியாது என்பதை மட்டும் நீ ஒப்புக்கொண்டாய். உன் நேர்மை அது. "எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நான் நம்பறேன். நீயும் நம்பறதான், ஒத்துக்க மாட்ற" என்றாய். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நம்மைத் திட்டினார்கள்.

இனி தோல் விஷயம். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரன் ஒரு நிறம் கேட்பான். நாம் ஒரு தோலை அந்த நிறத்தில் முடித்து அனுப்புவோம். அவன் சரி என்று சொன்னதும் உள்ளங்கை அளவு ஒரு துண்டை எடுத்துக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டுவோம். ஒரு பாதி அவனிடம், ஒரு பாதி நம்மிடம். நம் பாதிக்குப் பேர் மாஸ்டர். அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் தோல் போனாலும் அந்தப் பாதியோடு ஒத்துப்போக வேண்டும். வெளிச்சம் பட்டால் தோல் நிறம் மாறும், அதிலும் வெளிர் நிறம் சீக்கிரம் மாறும். அதனால் மாஸ்டரைக் கறுப்புக் கவரில் போட்டு அலமாரியில் வைக்க வேண்டும், தேவைப்படும்போது எடுத்துப் பார்த்து உடனே உள்ளே வைக்க வேண்டும். லேப் இன்சார்ஜின் முதல் வேலையே அதுதான்.

அந்த பிஸ்கட் நிற ஆர்டர் வந்தபோது நான் இன்சார்ஜ் ஆகி ஆறு மாதம். நாளைக்குப் பத்துத் தடவை அலமாரியைத் திறந்து மூடுவது எனக்கு பேஜாராக இருந்தது. மாஸ்டரை ஒரு பித்தளை கிளிப்பில் மாட்டி ஜன்னல் பக்கத்து போர்டில் தொங்கவிட்டேன். பங்குனியில் மாட்டினேன். ஆடி வரைக்கும் தொங்கியது. வேலூர் பக்கத்து வெயிலை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் நீ டிரையல் தோலை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாய். போர்டில் இருந்த துண்டை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாய். திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"மாஸ்டர் மாறிட்ச்சு முனி. நாம வெட்டுன கலர் இது இல்ல. மஞ்சள் ஜாஸ்தியா இருக்கு."

மாஸ்டர் எப்படிப்பா மாறும், மாறாதது என்றுதானே அதற்கு மாஸ்டர் என்று பேர், மாறியது உன் கண்தான் என்றேன். சத்தமாகச் சொன்னேன், லேபில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ கோபப்படவில்லை. அவர்களிடம் இருக்கிற பாதியை வரவழைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றாய். அதற்கெல்லாம் நேரமில்லை, சரக்கு இந்த வாரம் போக வேண்டும் என்றேன். லேப் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது நம் கம்பெனி வழக்கம். உனக்கு மனசில்லாமல், என் வார்த்தைக்காக, கலவையில் மஞ்சளைக் கூட்டினாய்.

சரக்கு போனது. திரும்பி வந்தது. மஞ்சள் அதிகம், வேண்டாம் என்று எழுதி, சாட்சிக்குத் தங்கள் பாதியையும் கூரியரில் வைத்து அனுப்பியிருந்தார்கள். கவர் என் பெயருக்கு வந்தது. நான் மட்டும் லேபில் இருந்தபோது பிரித்தேன். போர்டில் இருந்த பாதியை எடுத்து, நிறம் ஒப்பிடுகிற லைட் பாக்ஸுக்குள் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். பகல் வெளிச்சத்துக்கான சுவிட்சைப் போட்டேன். ஒரு தாய் வயிற்றுத் துண்டுகள், ஒன்று வெளிறிய பிஸ்கட், இன்னொன்று வறுத்த ரவை. நீ சொன்னது அச்சு அசலாகச் சரி.

லேபுக்கு எந்தத் துண்டு வந்தாலும் பின்பக்கத்தில் வந்த தேதி, கையெழுத்து, பார்த்த குறிப்பு ஒரு வரி எழுத வேண்டும். பதினெட்டு வருஷப் பழக்கம். என் மனசு என்ன செய்வது என்று திகைத்து நிற்கும்போதே என் கை பேனாவை எடுத்து எழுதிவிட்டது. தேதி. கையெழுத்து. 'போர்டு பீஸ் மஞ்சள் ஆகியுள்ளது.' எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று படித்துப் பார்த்தேன். கிழிக்கவும் கை வரவில்லை, காட்டவும் தைரியம் வரவில்லை. கறுப்புக் கவரில் போட்டு என் மேஜை டிராயரின் அடியில், பழைய ரிஜிஸ்டர்களுக்குக் கீழே வைத்துவிட்டேன். வைக்க வேண்டியதைக் கவரில் வைக்காதவன் வைக்கக் கூடாததை வைத்தேன்.

நாலாம் நாள் ஃபினிஷிங் ஹாலில் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டார். உங்கள் கண் போய்விட்டது பாய், இனிமேல் பேக்கிங்கில் இருங்கள் என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை போதும். அது வெளியே வரவில்லை. பயம்தான், இலியாஸ். புதுசாகக் கிடைத்த நாற்காலி போய்விடும் என்கிற அற்பப் பயம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டினாய். புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது, இந்த வயசில் யாருக்கும் இருப்பதுதான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். டிபன் பை ஜன்னல் சீட்டில்தான் இருந்தது. நீ அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீ சொன்னது சரிதான் முனி. என் கண்ணுலதான் கோளாறு. உன்னை வீணா பேஜார் பண்ணிட்டேன்" என்றாய். என்னிடம் மன்னிப்புக் கேட்டாய்.

அதற்கப்புறம் ஏழு மாதம். தினமும் போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். நீ அட்டைப் பெட்டி மடித்துவிட்டு வருவாய், புத்தகத்தை மட்டும் விடவில்லை. நான் பார்க்கிற சிவப்பும் நீ பார்க்கிற சிவப்பும் ஒன்றுதானா என்று ஒரு நாள் கேட்டாய். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை டோல்கேட்டில் பஸ் நின்றது, ஒரு தடவை யாரோ ஸ்வீட் கொடுத்தார்கள், மூன்றாம் தடவை சாக்கு எதுவும் இல்லை, அப்படியும் சொல்லவில்லை.

அந்த மாதங்களில்தான் முடிவில்லாத பிரபஞ்சத்துக்காக நான் வரிந்து கட்டிக்கொண்டு பேசினேன். "இன்னா முனி, இவ்ளோ கோவம்? பிரபஞ்சம் இன்னா உன் மச்சானா?" என்று நீ கிண்டல் பண்ணினாய். சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, யோசனையோடு இன்னொன்றும் சொன்னாய்.

"முடிவே இல்லன்னா விசாரிக்கிற நாளும் இல்ல. சில பேருக்கு அது வசதிதான்."

நீ பொதுவாகத்தான் சொன்னாய். என்னைக் குத்துவதற்கு உனக்கு எதுவும் தெரியாது. ஆனால் அன்றைக்கு ஆம்பூர் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வாதத்துக்கும் என் பயத்துக்கும் ஒரே வேர் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அறிவியலை நான் போர்வையாகப் போர்த்திக்கொண்டிருந்தேன், பாவம் அறிவியல்.

ஒரு நாள் விடியற்காலை, பஜர் தொழுகை முடித்து உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. மாரடைப்பு. உன் ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றேன். நாற்பதாம் நாள் ஓதும்போது உன் மனைவி நஸ்ரீன் பாபி எனக்கென்று தனியாகச் சோறு வைக்கச் சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று பேசினார். ரெண்டு வருஷம் முன்னாடியே கண்ணைக் காட்டச் சொல்லி நான் வற்புறுத்தியிருக்கணும் பாய், நான் விட்டுட்டேன், அந்த அவமானம்தான் அவர் நெஞ்சைத் தின்னுடுச்சு, என் தப்பு என்று அழுதார். என் கையில் சோறு இருந்தது. நான் அதைச் சாப்பிட்டு முடித்தேன். என்ன மனுஷன் நான்?

அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கிறது, நாம் ஒரு தடவைதான் படித்தோம். எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' என்று ஒன்று கிடையாது, ஒருவனுக்கு நடந்து முடிந்தது இன்னொருவனுக்கு இனி வரப்போவதாக இருக்கலாம், அதனால் கடந்தது, நடப்பது, வருவது எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன என்று சிலர் எண்ணுகிறார்கள். நீ போன பிறகு அதைத் திரும்பப் படித்தேன். அது உண்மையாக இருந்தால் ஆடி மாதத்து அந்த மத்தியானம் எங்கேயும் போகவில்லை. நீ இன்னும் வாசல் வெளிச்சத்தில் துண்டைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாய். நான் இன்னும் உன் கண்தான் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். முடிவில்லாத பிரபஞ்சம் கேட்டேனே, கிடைத்தது. அதில் என் தப்புக்கும் முடிவில்லை.

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

ரூபினா வெள்ளைத் துப்பட்டாவில் வந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணால் சலாம் சொன்னாள். மேனேஜர் எழுந்து போர்டுக்குப் போனார். எத்தனையோ துண்டுகள் அங்கே தொங்குகின்றன. அவர் தேடி எடுத்தது அந்த பிஸ்கட் துண்டை. அந்த ஆர்டர் போன பிறகு அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் துணிவில்லை. உங்கள் அப்பா கோட்டை விட்ட ஷேட் இதுதான், இதைக் கலந்து காட்டு பார்க்கலாம் என்று மேஜையில் போட்டார்.

அவள் உடனே கலக்கப் போகவில்லை. துண்டை வாசலுக்கு எடுத்துப் போனாள். உன்னை மாதிரியே இரண்டு விரலில் பிடித்துத் திருப்பினாள். பிறகு, நீ செய்யாத ஒன்றைச் செய்தாள். பித்தளை கிளிப்பைக் கழற்றினாள். கிளிப் கடித்திருந்த இடத்தில் நகக்கண் அகலத்துக்கு ஒரு வெளிறிய கோடு இருந்தது. வெயில் போகாத இடம்.

"சார், இது வெயில் குடிச்ச பீஸ். ஒரிஜினல் கலர் கிளிப்புக்கு அடியில இருக்கு."

மேனேஜர் பார்த்தார். அசரவில்லை. இத்தனை வருஷமாகத் தொங்குகிறது, இப்போது மாறாமல் இருக்குமா, பிரச்னை அன்றைக்கு எப்படி இருந்தது என்பதுதான் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. துண்டு மாறியிருக்கிறது என்பது யார் கண்ணுக்கும் தெரிகிறது. எப்போது மாறியது என்று அந்தத் துண்டு சொல்லாது. அன்றைக்கே மாறியிருந்தால் நீ சரி. பிறகு மாறியிருந்தால் மேனேஜர் சரி. "அப்போ மாறல. லேப் இன்சார்ஜே இருக்காரு, அவரையே கேளு" என்று என்னைக் காட்டினார்.

அவள் திரும்பினாள்.

"சாச்சா, அப்போ இது எப்படி இருந்துச்சு?"

மாறவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அவள் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவாள். உன் பெயரும் அவள் வேலையும் ஒரே சமயத்தில் மண்ணோடு போகும். நான் இன்னும் ஆறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ரிட்டயர் ஆகலாம், மாலை கூடப் போடுவார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் சந்தேகமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சாச்சா உண்மையைத்தான் சொல்வார் என்று நிற்கிறாள்.

ஒரு நிமிஷம் என்று எழுந்தேன். என் டிராயரிலிருந்து மேனேஜர் மேஜைக்கு இருபது அடி. அந்தத் தூரத்தைக் கடக்க வெளிச்சத்துக்கு ஒரு செகண்டில் ஐந்து கோடியில் ஒரு பங்கு போதும். எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ரிஜிஸ்டர்களைத் தூக்கிக் கறுப்புக் கவரை எடுத்து வந்தேன். பாதியை வெளியே எடுத்து போர்டு துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெட்டிய விளிம்பு இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியது. நிறம் பொருந்தவில்லை. கிளிப் அடியில் இருந்த கோடு மட்டும் பொருந்தியது.

"அன்னிக்கே மாறியிருந்துச்சு. இலியாஸ் சொன்னான். நான்தான் மறைச்சேன்" என்றேன்.

மேனேஜர் பாதியைத் திருப்பினார். என் கையெழுத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன், ஏனென்றால் ஐம்பது பேர் முன்னால் சொன்னது அவர் வாய். அவர் துண்டை ரூபினாவிடம் நீட்டினார். அவள் தேதியின்மேல் விரலை வைத்தாள்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதும்மா."

அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். அவள் இரண்டு துண்டையும் நேராக அடுக்கி மேஜையில் வைத்துவிட்டு, ஷேட் கலக்கட்டுமா சார் என்று மேனேஜரைக் கேட்டாள். ஃபினிஷிங் ஹாலுக்குப் போனாள். உன் பழைய ஆட்கள் வழிவிட்டார்கள். வெளிறிய பாதியைப் பார்த்துக் கலந்து, தோலில் ஸ்ப்ரே அடித்து, காயவைத்து, மூன்றாவது டிரையலில் கொண்டுவந்து வைத்தாள். லைட் பாக்ஸில் மூன்று வெளிச்சத்திலும் பார்த்தோம். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

என்னை நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்துவிட்டேன், ஒரு காப்பியை ஃபினிஷிங் ஹால் நோட்டீஸ் போர்டில் ஒட்டவும் அனுமதி கேட்டிருக்கிறேன். நாற்காலி இருக்குமா இருக்காதா என்று தெரியவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் இப்போது அது ஒரு நாற்காலி மாதிரிதான் தெரிகிறது. பிரபஞ்சத்துக்கு முடிவு உண்டா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை, உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஆனால் விசாரிக்கிற நாள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன்னிடம் உயிரோடு இருக்கும்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். இனி நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் உன் காதுக்கு எந்த வேகத்தில் வந்து சேரும்?

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே அவள் பஸ்ஸுக்கு நின்றாள். நான் பக்கத்தில் போனேன், என்ன சொல்வது என்று தெரியாமலேயே போனேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"அம்மா இன்னும் தன் தப்புன்னுதான் நெனச்சுக்கினு இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க சார்."

சார் என்றாள், இலியாஸ். பிறந்ததிலிருந்து என்னைச் சித்தப்பாவாக நினைத்துச் சாச்சா என்று கூப்பிட்டவள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். ஜும்மா முடிந்து தெரு அடங்கியதும் உன் வீட்டுக்கு வருகிறேன். நஸ்ரீன் பாபி உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன், தண்ணீர் கொடுத்தாலும் சொல்லி முடிக்கும்வரை குடிக்க மாட்டேன். என்னைப் பற்றிய பேச்சு பிறகுதான். முதல் வாக்கியத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன்: பாபி, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, நிறம் பார்ப்பதில் அவன் கண் கடைசி நாள் வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி அதைச் சொல்லிவிட்டு வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நேற்று காலை வரை உன் மகளுக்குச் சாச்சாவாக இருந்த,
முனிரத்தினம்